நினைவை அளக்கும் கோல்

(தில்லியில் வாழும் தமிழ்த் தோழர்களின் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நரம்புச் சிதைவு நோய்களைப் பற்றிப் பேச ஒரு மருத்துவரை அழைத்திருக்கலாமே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கூட்ட அமைப்பாளரிடம் நானும் அதையேதான் சொன்னேன். நான் தமிழில் முதுகலை படித்தவன். முப்பது ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்தும் இந்தியிலிருந்தும் கட்சி ஆவணங்களைத் தமிழாக்குவது என் பணி. மூளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடந்த மூன்று ஆண்டுகளில், வேறு வழியின்றிப் படித்துத் தெரிந்துகொண்டவை. அந்த 'வேறு வழியின்றி' என்பதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா கீழத்தஞ்சையில் நடவு நட்டும் களை பறித்தும் எங்களை வளர்த்தவர். பள்ளிக்கூடத்தின் படியேறியதில்லை. அப்பா மறைந்த பின்னர் தில்லிக்கு வந்து எங்களோடு தங்கினார். மறதி கூடுகிறது என்று தோன்றவே, இங்குள்ள ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் இந்தியில் கேட்டார். நான் தமிழில் அம்மாவிடம் கேட்டு, பதிலை இந்தியில் சொன்னேன். இன்று என்ன தேதி என்பது முதல் கேள்வி. "ஆடிப்பெருக்கு போயி நாலு நாளு ஆச்சு" என்றார் அம்மா. அன்று ஆகஸ்ட் 7. கணக்கு ஒரு நாள் கூடப் பிசகவில்லை. 'ஆகஸ்ட் 7' என்று நான் சொன்னேன், மருத்துவர் குறித்துக்கொண்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எண்களை வெறுமனே கழிப்பது அம்மாவுக்குப் பழக்கமில்லாதது. நூறு முடி நாற்றில் ஏழு முடி எடுத்தால் மீதி எத்தனை என்று மாற்றிக் கேட்டேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று விரைவாகச் சொன்னவர் நிறுத்திவிட்டு, "யாரு எடுக்கறா?" என்று என்னையே கேட்டார்.

இதுவரை நான் செய்ததில் தவறில்லை என்றே இன்றும் கருதுகிறேன். அடுத்து நடந்ததுதான் தவறு. எதற்காக இங்கே வந்திருக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். "மடைய அடைக்கணும். தண்ணி மொற நம்மளது" என்றார் அம்மா. ஐந்தாம் மாடியில், குளிர்சாதன அறையில் அமர்ந்துகொண்டு அதைச் சொன்னார். நான் ஒரு கணம் திகைத்தேன். பிறகு, 'மறதி இருக்கிறது, அதற்காக வந்திருக்கிறேன்' என்று தெளிவான இந்தியில் சொன்னேன். அதற்குப் பிறகு அம்மா உடைந்த வாக்கியங்களாகச் சொன்ன நான்கைந்து பதில்களையும் அப்படியே நேர்செய்து சொன்னேன். மேடையில் தோழர்கள் தடுமாறிப் பேசுவதை ஒழுங்கான வாக்கியமாக்கித் தருவது முப்பது ஆண்டுப் பழக்கம். என் நாக்கு அதைத் தானாகவே செய்தது. மதிப்பெண் வரம்புக்கு மேலே வந்தது. வயதுக்குரிய மறதிதான், ஓராண்டு கழித்து வாருங்கள் என்றார் மருத்துவர். அந்த ஓராண்டு முடிவதற்குள் ஒரு விடியற்காலையில் அம்மா வீட்டை விட்டு வெளியேறினார். எங்கள் குடியிருப்பின் பின்புறம் ஓடும் சாக்கடைக் கால்வாயின் விளிம்பில் நின்றிருந்தவரைப் பால்காரர் ஒருவர் கைப்பிடித்து அழைத்துவந்தார்.

ஆகவே இந்த நோய்களைப் பற்றிய என் அக்கறை இரண்டு இடங்களில் தொடங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழைப்பாளியின் நினைவை எந்தக் கோலால் அளக்கிறார்கள் என்பது ஒன்று. அளக்கும்போது நடுவில் நிற்கும் நாம் என்ன செய்கிறோம் என்பது மற்றொன்று.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலும் குருதியும் புதுப்பிக்கப்படுவது போல நரம்பணுக்கள் புதுப்பிக்கப்படுவதில்லை. பிறந்தபோது வந்தவையே பெரும்பாலும் இறுதிவரை உழைக்கின்றன. அந்த அணுக்களின் உள்ளும் புறமும் சில புரதங்கள் உரிய வடிவில் மடியாமல் திருகிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. திருகிய ஒன்று பக்கத்திலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலத் திருக்கிவிடுகிறது. அல்சைமர் நோயில் அமிலாய்டு என்னும் புரதம் அணுக்களுக்கு வெளியே படிவுகளாகிறது. டாவ் என்னும் புரதம் அணுக்களுக்கு உள்ளே சிக்கு விழுந்த நூலாகிறது. பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சினுக்ளின் என்னும் வேறொரு புரதம் திரள்கிறது. நடுமூளையில் டோபமின் சுரக்கும் அணுக்கள் மடிகின்றன. கை நடுங்குகிறது, நடை சுருங்குகிறது, முகம் உறைகிறது. எந்தப் புரதம், மூளையின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து நோயின் பெயர் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவானது காலம். அல்சைமர் நோயில் அறிகுறி வெளிப்படுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னரே படிவு தொடங்கிவிடுகிறது. எழுபத்தைந்து வயதில் பெயர் மறப்பவரின் நோய், அவர் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த நாட்களிலேயே தொடங்கியிருக்கக்கூடும்.

1901-இல் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவுகுஸ்டே டீட்டர் என்னும் 51 வயதுப் பெண்ணை அலாய்ஸ் அல்சைமர் பரிசோதித்தார். பெயரை எழுதச் சொன்னார். அவரால் எழுத முடியவில்லை. 1906-இல் அவர் இறந்த பின்னர் மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு டூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அந்தப் படிவுகளையும் சிக்குகளையும் விவரித்தார். கூட்டத்தில் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்கிறார்கள். இன்று அதே படிவுகளை உயிரோடிருப்பவரின் மூளையில் பெட் ஸ்கேன் மூலம் காணலாம். தண்டுவட நீரில் அளக்கலாம். மிக அண்மையில் குருதியிலும் அளக்கலாம். பி-டாவ் 217 என்னும் புரதத்தைக் கொண்டு செய்யும் குருதிச் சோதனை ஒன்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இசைவளித்தது. இது உண்மையான முன்னேற்றம். விலை இறங்கினால், பெட் ஸ்கேன் எந்தக் காலத்திலும் சென்றடையாத மாவட்டங்களுக்கு இது செல்லக்கூடும்.

மருந்தைப் பற்றி அந்த அளவுக்கு மகிழ்ச்சியோடு பேச இயலவில்லை. அமிலாய்டை அகற்றினால் நோய் நிற்கும் என்ற கருதுகோளின் பின்னால் முப்பது ஆண்டுகளாகப் பெரும்பணம் ஓடியது. அந்தக் கருதுகோளுக்கு வலுச் சேர்த்ததாகக் கொண்டாடப்பட்ட 2006-ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரை ஒன்று, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. 2021-இல் அமெரிக்காவில் அடுகானுமாப் என்னும் மருந்துக்கு, ஆலோசனைக் குழுவின் கருத்துக்கு மாறாக அனுமதி தரப்பட்டது. குழுவின் உறுப்பினர் மூவர் விலகினர். 2024-இல் நிறுவனமே அந்த மருந்தைக் கைவிட்டது. 2023-இல் முழு அனுமதி பெற்ற லெகனமாப் சற்று மேலானது. பதினெட்டு மாதங்களில் நோய் முற்றும் வேகத்தை அது 27 விழுக்காடு குறைத்தது. 18 புள்ளி அளவுகோலில் அந்த வேறுபாடு அரைப் புள்ளிக்கும் குறைவு. அமெரிக்காவில் அதற்கு வைக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 26,500 டாலர். அமிலாய்டு கருதுகோள் பொய் என்று நான் சொல்லவில்லை. படிவு அகன்றால் சிறிதேனும் பயன் உண்டு என்பதை இந்த மருந்தே காட்டுகிறது. ஆனால் நம்மிடையே இருக்கும் எந்த முதியவரின் அடுத்த ஐந்தாண்டுகளையும் இந்த மருந்து தீர்மானிக்கப் போவதில்லை.

இனி அளவுகோலுக்கு வருகிறேன். என் அம்மாவிடம் கேட்கப்பட்ட கேள்விகள் 1975-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட சுருக்க மனநிலைச் சோதனையின் வழிவந்தவை. மொத்தம் 30 மதிப்பெண். தேதி, ஆண்டு சொல்ல வேண்டும். எந்த மாடியில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். எழுதிக் காட்டியதைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். மாடி வீட்டில் வாழாதவர், பென்சில் பிடிக்காதவர் உட்கார்ந்த இடத்திலேயே பல மதிப்பெண்களை இழந்துவிடுவார். நோய் இல்லாமலேயே நோயாளி ஆவார். இன்னொன்றும் உண்டு. இந்தச் சோதனைத் தாளுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. 2001 முதல் ஓர் அமெரிக்க நிறுவனம் ஒவ்வொரு படிக்கும் கட்டணம் வாங்குகிறது. ஒரு கிழவியிடம் இன்று என்ன கிழமை என்று கேட்பதற்குக் கூட உரிமத் தொகை!

இதை மாற்றிச் செய்து காட்டிய முயற்சி ஒன்று நம் அருகிலேயே நடந்தது. தில்லியிலிருந்து சிறிது தொலைவில், அரியானாவின் பரீதாபாத் மாவட்டத்தில் பல்லப்கட் இருக்கிறது. நம்மில் பலர் ரயிலில் அந்த நிலையத்தைக் கடந்திருப்போம். 1990-களில் அங்குள்ள கிராமங்களில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 73 விழுக்காட்டினர் எழுத்தறியாதவர்கள். அந்த ஆய்வுக்காக உருவானதே இந்தி மனநிலைச் சோதனை. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அதை நான் வியந்து படித்தேன். எந்த மாடி என்ற கேள்வி அதில் இல்லை. இப்போது காலையா, மதியமா, மாலையா என்று கேட்கிறார்கள். எழுதியதைப் படிப்பதற்குப் பதிலாக, என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதைச் செய்யுங்கள் என்று சொல்லி ஆய்வாளர் கண்களை மூடிக் காட்டுகிறார். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்கிறார். ஆங்கிலத் தாளில் திரும்பச் சொல்லவேண்டிய ஒரு தொடர் வருகிறது; 'இஃப்', 'அண்ட்', 'பட்' என்ற இணைப்புச் சொற்களை அடுக்கிய தொடர். அதை அப்படியே மொழிபெயர்த்தால் உளறலாகும். அந்தத் தொடர் சோதிப்பது, பொருளைப் பற்றிக்கொள்ள முடியாத சிறு சொற்களை நாக்கு தடுமாறாமல் திரும்பச் சொல்கிறதா என்பதையே. எனவே 'ந யஹ், ந வஹ்' என்று வைத்தார்கள். இதுவுமில்லை, அதுவுமில்லை. எங்கள் தொழிலில் இதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பை நான் அதிகம் கண்டதில்லை. சொல்லைப் பெயர்க்காமல் சொல்லின் வேலையைப் பெயர்த்திருக்கிறார்கள்.

சோதனையோடு நிற்கவில்லை. வீட்டாரிடம் அவருடைய அன்றாடத்தைக் கேட்டார்கள். சொல்லியனுப்பிய செய்தியை மறக்காமல் சேர்க்கிறாரா, பண்டிகைகளை நினைவில் வைத்திருக்கிறாரா, குடும்பத்தில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது கருத்துச் சொல்கிறாரா என்பவை போன்ற கேள்விகள். காசோலை எழுதுகிறாரா, கார் ஓட்டுகிறாரா என்று கேட்பதைவிட இவை எத்தனை மேலானவை!

பல்லப்கட் ஆய்வின் முடிவு உலகை வியக்கவைத்தது. 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் 4.7 பேரே புதிதாக அல்சைமர் நோய்க்கு ஆளாயினர். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பென்சில்வேனியாவின் மோனங்காகிலா பள்ளத்தாக்கில் அது 17.5. பழைய எஃகு ஆலைகள் மூடிக் கிடக்கும் பகுதி அது. அங்கிருந்தவர்களும் பெரும்பாலும் தொழிலாளர்களே. உடனே நம் நாட்டில் சிலர் மஞ்சள்தான் காரணம் என்று கிளம்பினார்கள். பண்டைய ஞானம் என்ற பெயரில் குளிகை விற்கத் தொடங்கினார்கள். மஞ்சளின் குர்குமினை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிறு சோதனைகளில் பயன் எதுவும் காணப்படவில்லை. ஆய்வாளர்கள் சொன்ன காரணங்கள் மிகவும் அடக்கமானவை. நோயின் இடரைக் கூட்டும் ஒரு மரபணு வகை அங்கே அரிதாக இருந்தது. நோய் வருவதற்குரிய வயதுவரை பலர் வாழ்வதில்லை. நோய் வந்தவர்கள் நெடுநாள் பிழைப்பதில்லை.

இந்தக் கடைசி இரண்டு காரணங்களையும் பெருமைக்குரியவையாக யாரும் கொள்ள முடியாது.

நம் மாநிலத்தோடு தொடர்புள்ள இன்னொரு ஆய்வும் உண்டு. 10/66 என்பது அந்த ஆய்வுக் குழுவின் பெயர். மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 விழுக்காடுகூட அங்கே நடப்பதில்லை என்பதைக் குறிக்கும் பெயர். சென்னை நகரமும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களும் அதன் ஆய்வுக் களங்களில் இருந்தன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறையைக் கொண்டு அளந்தபோது, கிராமப்புற இந்தியாவில் முதியோரில் 0.3 விழுக்காட்டினருக்கே மறதிநோய் என்று வந்தது. குழுவே உருவாக்கிய அளவுகோலால் அதே மக்களை அளந்தபோது அது பல மடங்கு உயர்ந்தது. ஏன்? நோயால் அன்றாட வாழ்வு குலைந்தது என்று வீட்டார் சொன்னால்தான் பழைய வரையறை அதை நோயாக ஏற்கும். நம் கிராமங்களில் வீட்டார் அப்படிச் சொல்வதில்லை. வயசாயிட்டா அப்படித்தான் என்கிறார்கள். மருமகள் சோறு போட்டுவிடுகிறாள், பேத்தி குளிப்பாட்டிவிடுகிறாள். எனவே எதுவும் குலையவில்லை. பெண்களின் கூலியில்லா உழைப்பு நோயைப் புள்ளிவிவரத்திலிருந்தே மறைத்துவிடுகிறது. நான் மருத்துவர் முன்னால் செய்ததும் இதுதான். உடைந்ததை ஒட்டவைத்துக் காட்டினேன்.

2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் என்று மதிப்பிடுகிறது. ஆண்களில் 5.8, பெண்களில் 9, நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. கல்வி குறையக் குறைய நோய் கூடுகிறது. பெண்களின் எண்ணிக்கைக்கு உடலியல் காரணங்களும் இருக்கலாம். ஆனால் இன்று எண்பது வயதாகும் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாதது உடலியல் காரணத்தால் அன்று.

இங்கேதான் 'லைஃப்ஸ்டைல்' என்ற சொல் வந்து நிற்கிறது. அதை 'வாழ்க்கைமுறை' என்று எழுதுவது வழக்கம். நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். அண்மையில் ஒரு சுகாதார ஆவணத்தை மொழிபெயர்த்தபோது கை நின்றுவிட்டது. லான்செட் இதழின் ஆணையம் 2024-இல் 14 இடர்க் காரணிகளைப் பட்டியலிட்டு, இவை எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் மறதிநோயின் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணித்தது. செய்தித்தாள்கள் அதை நடைப்பயிற்சி, புகை, மது என்று சுருக்கின. அவை பட்டியலில் உண்டு. நீரிழிவும் குருதிக் கொதிப்பும் கெட்ட கொழுப்பும் உண்டு. தோழர்கள் அவற்றைக் கவனிக்கவேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் தேநீரும் பீடியுமாகக் கழிக்கும் நம் பழக்கத்தை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அதே பட்டியலில் குறைந்த கல்வி இருக்கிறது. காது கேளாமை இருக்கிறது. விசைத்தறிக் கூடத்தில் முப்பது ஆண்டு நின்றவரின் காது அவருடைய வாழ்க்கைமுறையா? பார்வைக் குறைவு இருக்கிறது. தலைக்காயம் இருக்கிறது. தனிமை இருக்கிறது. காற்று மாசு இருக்கிறது. நவம்பர் மாதத் தில்லியில் மூச்சு விடுவதை யாரும் விருப்பத்தின் பேரில் தேர்ந்தெடுப்பதில்லை. கண்புரை அறுவையும் காது கேட்கும் கருவியும் மறதிநோய்த் தடுப்பு என்று எந்த அமைச்சகமும் சுவரில் எழுதுவதில்லை. அந்த ஆவணத்தில் இறுதியாக 'வாழ்நிலைமைகள்' என்று எழுதினேன். ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்டது.

பார்க்கின்சன் நோயில் இது இன்னும் வெளிப்படை. 1817-இல் நடுக்கு வாதம் பற்றிய சிறு நூலை எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதி மருத்துவர். நூலில் வரும் ஆறு பேரில் சிலரைத் தெருவில் கண்டே குறிப்பெடுத்தார். மருத்துவ நூல்கள் பெரும்பாலும் சொல்லாத ஒன்றுண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அவர் 'ஓல்ட் ஹியூபர்ட்' என்ற புனைபெயரில் அரசியல் துண்டறிக்கைகள் எழுதியவர். செருப்புத் தைக்கும் தொழிலாளியான தாமஸ் ஹார்டி தோற்றுவித்த லண்டன் தொடர்புச் சங்கத்தின் உறுப்பினர். எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சங்கம் அது. மன்னரைக் கொல்லச் சதி என்று புனையப்பட்ட வழக்கில் 1794-இல் அரசரின் ஆலோசனைக் குழுவின் முன் விசாரிக்கப்பட்டார். அவர் பெயரைத் தாங்கிய நோய் இன்று வயற்காட்டில் களைக்கொல்லி தெளிப்பவரைத் தேடி வருவது அவருக்குத் தெரிந்திருந்தால் இன்னொரு துண்டறிக்கை எழுதியிருப்பார்.

1837-லேயே கிளாஸ்கோவில் ஜான் கூப்பர் என்னும் மருத்துவர், மாங்கனீசு அரைக்கும் தொழிலாளர் ஐவருக்குக் கால் தளர்ந்து நடை குலைந்ததைப் பதிவு செய்தார். நம் நாட்டில் நாக்பூர், பண்டாரா, பாலாகாட் மாவட்டங்களில் அந்தக் கனிமத்தைத் தோண்டுகிறார்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் மாங்கனீசு நஞ்சு இடம்பெற்றது. களைக்கொல்லிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 1982-இல் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் ஓரிரு நாட்களில் சிலைபோல் உறைந்து போனார்கள். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்னும் பொருள் டோபமின் அணுக்களைக் கொன்றிருந்தது. உடலுக்குள் அது மாறும் வடிவம் பாராகுவாட் களைக்கொல்லியின் மூலக்கூற்றை ஒத்திருந்தது. ஆய்வாளர்களின் பார்வை அதன் பிறகே வயலின் பக்கம் திரும்பியது. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பாராகுவாட் அல்லது ரோட்டனோன் தெளித்தவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம். தொடர்பு என்பது வேறு, காரணம் என்பது வேறு என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அதை மறைப்பது நமக்கு அழகன்று. ஆனால் அந்த ஐயத்தின் பலனை யாருக்குத் தருவது என்பது அரசியல் கேள்வி. பிரான்ஸ் 2012-இல் பூச்சிமருந்தால் வரும் பார்க்கின்சனை விவசாயத் தொழிலாளரின் தொழில்நோயாக ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் பாராகுவாட் கிடையாது. கேரளம் 2011-இல் தடை செய்தது. இந்தியாவின் பிற பகுதிகளில் முதுகில் தெளிப்பான், வாயில் துண்டு, காலில் செருப்பின்றி அது தெளிக்கப்படுகிறது. நம் விவசாயத் தொழிலாளர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இது இல்லை என்பதை இங்கே குறையாகவே சொல்கிறேன்.

கொஞ்சம் இன்பமான ஒரு செய்தி. ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி தலைமையில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். தெலுங்கு, தக்கணி, இந்தி என்று இரண்டு மொழி பேசுபவர்களுக்கு, ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிட நான்கரை ஆண்டுகள் தாமதித்தே நோய் தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இது காணப்பட்டது. அதாவது பள்ளி தராத பயிற்சியைச் சந்தையும் தெருவும் தந்திருக்கின்றன. இரண்டு மொழிகளில் ஒன்றை அடக்கி மற்றொன்றைப் பேசும் ஓயாத வேலை மூளைக்கு ஒரு சேமிப்பைத் தருகிறது என்பது விளக்கம். படிவு இருந்தாலும் அந்தச் சேமிப்பு சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது. இதைப் படித்ததும் என் தொழிலை எண்ணிப் பூரித்துப்போனேன். மூன்றாவது மொழியால் மேற்கொண்டு பயன் இல்லை என்ற அடுத்த வரி என்னைக் கீழே இறக்கியது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் கொண்ட ஆய்வு என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகு என்ன செய்வது? உலக சுகாதார அமைப்பின் மறதிநோய்ச் செயல்திட்டத்தை 2017-இல் உறுப்பு நாடுகள் ஏற்றன. மறதிநோய்க்கெனத் தனித்த தேசியத் திட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. கேரளம் 'ஓர்மத்தோணி' என்ற பெயரில் ஒரு திட்டத்தை நடத்துகிறது. நினைவுத் தோணி என்று பொருள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதனைக் கருவித் தொகுப்பொன்றை முதற்கட்டமாக ஐந்து இந்திய மொழிகளில் உருவாக்கியது: இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் அந்த ஐந்தில் இல்லை. தமிழ்ப் பெருமை பேசும் எந்த மேடையிலும் இதை நான் கேட்டதில்லை.

வீட்டு முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் தோழர்களுக்கு மட்டும் சில சொற்கள். மறதியெல்லாம் அல்சைமர் அன்று. வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டுக் கசிந்த குருதி ஆகியவையும் அதே தோற்றம் காட்டும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே அந்தச் சோதனைகளை முதலில் கேளுங்கள். அவர் என்ன படித்தார், என்ன வேலை செய்தார் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் செய்துகொண்டிருந்து இப்போது விட்டுப்போன வேலைகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே பெயர்த்துச் சொல்லுங்கள். கூச்சம் வரும், எனக்கும் வந்தது.

கால்வாய் ஓரத்திலிருந்து திரும்பிய மறு வாரம் அம்மாவை மீண்டும் அழைத்துச் சென்றேன். இம்முறை ஓர் இளம் பெண் மருத்துவர், அரியானாக்காரர். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று அவரும் கேட்டார். அம்மா மடையைப் பற்றியே சொன்னார். மடையை அடைக்கவேண்டுமாம், இன்று தண்ணீர் முறை எங்களுடையதாம் என்று ஒரு சொல்லும் மாற்றாமல் இந்தியில் சொன்னேன். மருத்துவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "வாராபந்தி?" என்றார். அவர்கள் ஊரிலும் கால்வாய் நீரை முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறார்கள். பகல் முறையா, இரவு முறையா என்று கேளுங்கள் என்றார். கேட்டேன்.

"ராத்திரி மொறதான்" என்றார் அம்மா. "தூங்கிட்டா தண்ணி அடுத்த வயலுக்குப் போயிடும்ல."

மருத்துவர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார்.